பழைய தண்ணீர் போன வழி

என் கடையில் நான் இலவசமாகக் கொடுத்த ஒரே பொருள் பழைய தண்ணீர்தான். கலர் மீன் கடை வைத்திருப்பவர்களுக்கு இது புரியும். புதுத் தொட்டி வாங்குகிறவர்கள் குழாய்த் தண்ணீரை நிரப்பி உடனே மீனை விட்டால் இரண்டு நாளில் மீன் மல்லாந்துவிடும். அதில் ஒரு கவர், ஏற்கெனவே மீன் வாழ்ந்த தண்ணீரை ஊற்றிவிட்டால் பிழைத்துக்கொள்ளும். அதனால் மீன் கவரோடு ஒரு பழைய தண்ணீர்க் கவரும் கட்டிக் கொடுப்பேன். "தண்ணிக்கு எவ்ளோக்கா?" என்று கேட்பவர்களை ஒரு முறை முறைப்பேன். தண்ணீரை விற்கிற அளவுக்கு நான் கெட்டுப்போகவில்லை.

செவ்வாயும் வெள்ளியும் தொட்டிகளில் பாதித் தண்ணீரை இறக்குவேன். அன்றைக்குக் கோவில்பதாகையில் மாடித்தோட்டம் வைத்திருக்கிற பெண்கள் கேனைத் தூக்கிக்கொண்டு வந்துவிடுவார்கள். மீன் தண்ணீரை ஊற்றினால் ரோஜா அப்படிப் பூக்கிறதாம். பதினோரு வருடமாகக் கேட்கிறேன் இந்தக் கதையை. ஒருத்தியாவது ஒரு ரோஜாவைக் கொண்டுவந்து என் தலையில் வைத்ததில்லை.

அவர்கள் எடுத்தது போக மிச்சத் தண்ணீர் கடையின் பின்பக்கம் போகும். பின்பக்கத்தில் ஒரு காலி மனை. சுற்றிலும் எல்லோரும் மண் கொட்டி உயர்த்தி வீடு கட்டிவிட்டதால் அது மட்டும் பள்ளமாக நின்றுவிட்டது. மழை வந்தால் தை மாதம் வரை தண்ணீர் நிற்கும். தவளைகளுக்கு அதுதான் பிரசவ ஆஸ்பத்திரி. கடைக்கு மேலேயே எங்கள் வீடு என்பதால், ஐப்பசியில் அவை போடுகிற சத்தத்தில் எனக்குப் போனில் பேச முடியாது.

என் வீட்டுக்காரருக்கு அந்தச் சத்தம் உயிர். அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு பட்டறையில் லேத் ஓட்டுகிறார். நாள் முழுக்க இரும்பு கிறீச்சிடும் சத்தத்தில் நிற்கிற மனிதர். வீட்டுக்கு வந்தால் டிவியைக் கூட அணைக்கச் சொல்வார். தவளை கத்தினால் மட்டும் ஜன்னலைத் திறந்துவைத்து நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொள்வார். எங்கள் இரண்டு பேர் வீட்டிலும் பெரியவர்கள் அடுத்தவர் நிலத்தில் நடவு நட்டவர்கள். சேற்றை விட்டு வெளியே வந்ததற்கு நான் தினம் கும்பிடு போடுகிறவள். இவர் என்னடாவென்றால் ஜன்னல் வழியாகச் சேற்றைத் தேடுகிறார் என்று கிண்டல் செய்வேன். சிரிப்பு மட்டும் வரும்.

முதல் பெரிய மழை பெய்கிற சாயங்காலம் ஏரிப் பக்கத்திலிருந்து தவளைகள் சாலையைக் கடந்து பள்ளத்துக்கு வரும். வண்டிகளில் நசுங்கும். அதனால் இவர் பெயின்ட் பக்கெட்டை எடுத்துக்கொண்டு போய், சாலையில் நிற்கிற தவளைகளைப் பொறுக்கிப் பள்ளத்தில் கொண்டுவந்து விடுவார். ஆண் தவளைகள் அந்த நாளில் மஞ்சள் பூசிக் குளித்தது போல மஞ்சளாக மாறியிருக்கும். "மாப்புள மாரி கீது பாரு" என்று எனக்குக் காட்டுவார். நான் பார்க்க மாட்டேன். எனக்குத் தவளை என்றால் உடம்பு கூசும். தெருவில் அவருக்குப் பெயரே 'தவள அண்ணாத்தே'. அந்தப் பெயருக்கு நான் பட்ட வெட்கம் கொஞ்சநஞ்சமில்லை.

ஒரு வைகாசியில் பள்ளம் வெடித்துக் கிடந்ததைப் பார்த்துவிட்டு அவர் கேட்டார். "உன் பழைய தண்ணிய சாக்கடையில தானே வுடுற? ஒரு ஓஸ் போட்டு அந்தாண்ட வுடேன். மண்ணுக்குள்ளார பொதஞ்சி கீதுங்க, பாவம்." கல்யாணமானதிலிருந்து அவர் வாய்விட்டு என்னிடம் கேட்டது இரண்டோ மூன்றோதான். மறுநாளே ஓஸ் வாங்கிப் போட்டேன். முகத்தை மட்டும் கடுகடு என்று வைத்துக்கொண்டேன்.

இதெல்லாம் நடந்து சில வருடம் கழித்துத்தான் கால் மீன் வந்தது.

மொத்த வியாபாரி அதைக் கொண்டுவந்தபோது எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. ஒரு சாண் நீளத்தில் ரோஸ் நிற உடம்பு. நான்கு குட்டிக் கால். கழுத்தின் இரண்டு பக்கமும் சிவப்புக் குஞ்சம். வாயோ, யாரோ ஜோக் சொன்ன மாதிரி எப்போதும் சிரித்தபடி. ஆக்ஸலாட்டல் என்று அதன் பெயரைப் பிள்ளைகள் என்னை விட நன்றாகச் சொன்னார்கள். எங்கள் வியாபாரத்தில் அது கால் மீன். மீன் வருகிற அதே அட்டைப் பெட்டியில், அதே ஆக்சிஜன் கவரில் வந்தது. மீன் தொட்டியில் விட்டேன். மீன் வலையால் பிடித்தேன். பிறகு அது மீன் இல்லாமல் வேறு என்ன?

ஒரே தொல்லை, அதற்குக் குளிர்ந்த தண்ணீர் வேண்டும். ஆவடி வெயிலில் எங்கே போவது? பாட்டிலில் தண்ணீரை உறையவைத்துத் தொட்டியில் மிதக்கவிடுவேன். உருகியதும் அடுத்த பாட்டில். வீட்டு ஃப்ரிட்ஜ் முழுக்க அதுதான். இட்லி மாவு வைக்க இடமில்லாமல் ஒரு கோடை முழுக்க ரவை உப்புமா தின்றோம். ஆனால் கடைக்கு வந்தவர்கள் எல்லோரும் அந்தத் தொட்டி முன்னால்தான் நின்றார்கள். நானே ஸ்கெட்ச் பேனாவால் 'இம்போர்ட்' என்று எழுதி ஒட்டினேன். எழுதிவிட்டு இரண்டடி தள்ளி நின்று பெருமையாகப் பார்த்தேன். அந்த அட்டையை நினைத்தால் இப்போதும் எனக்கு என் கையையே அடிக்கத் தோன்றுகிறது.

வந்த ஆறில் இரண்டைப் பருத்திப்பட்டு ஏரிக்கு எதிரே இருக்கிற அடுக்குமாடியில் ஆறாவது மாடியில் குடியிருக்கும் ஒரு பெண் வாங்கிப்போனாள். கோயம்புத்தூர்ப் பக்கம். கம்ப்யூட்டர் கம்பெனி வேலை. மகள் பிறந்தநாளுக்காக வாங்கினாள். நான் அவளை ஆறாம் மாடிக்காரி என்றுதான் சொல்வேன், அவளுக்கும் அது தெரியும். ஒரு மாதம் கழித்து மறுபடி வந்தாள், போனை நீட்டிக்கொண்டே.

"அக்கா, இதுக்குப் பேப்பர் ஏதாச்சும் இருக்குங்களா?"

"மீனுக்கு இன்னாம்மா பேப்பரு? மீனுக்கு ஆதார் கார்டு வேணுமா?"

"இது மீன் இல்லீங்க்கா. தவளைக்குச் சொந்தமாம். வெளிநாட்டுல இருந்து வர்ற உயிருங்க ஒரு லிஸ்ட் இருக்குதுங்க. அதுல இருக்கறத வீட்டுல வெச்சிருந்தா கவர்மென்ட் வெப்சைட்டுல பதிவு பண்ணோணுமாம். வித்தாலும் சொல்லோணுமாம். எங்க வாங்கினோம்னு கேக்கறாங்க."

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. பதினோரு வருடக் கடையில் என்னிடம் யாரும் மீனுக்குப் பேப்பர் கேட்டதில்லை. அவளை அனுப்பிவிட்டு மொத்த வியாபாரிக்குப் போன் போட்டேன்.

"யக்கா, மீனு தொட்டியில கீது, மீனு பொட்டியில வந்துக்கினு கீது. பில்லுல கலர் மீனுன்னுதான் போட்டு கீது. அப்பால இன்னா? கண்டுக்காத வுடு" என்றார்.

உண்மையைச் சொல்கிறேன், அவர் சொன்னது அன்றைக்கு எனக்கு நியாயமாகத்தான் பட்டது. கண்டுகொள்ளாமல் விட்டேன்.

அடுத்த இரண்டு வாரத்தில் கடையில் இருந்த நான்கில் ஒன்று சாப்பிடுவதை நிறுத்தியது. தோல் மெல்லிசாக உரிந்து தண்ணீரில் மிதந்தது. எங்கள் தொழிலில் சாவு தினசரி. காலையில் ஷட்டரைத் தூக்கியதும் முதல் வேலையே செத்ததை வலையில் அள்ளுவதுதான். பூஞ்சை என்றால் எனக்குத் தெரிந்தது வெள்ளைப் பஞ்சு மாதிரி மீன் மேல் வருவது. அதற்கு நீல மருந்தும் கல் உப்பும் போட்டால் முடிந்தது. இதற்கும் அதையே போட்டேன். மூன்றாம் நாள் செத்துப்போனது. அன்றைக்கு வெள்ளிக்கிழமை. மற்ற மூன்றையும் வேறு தொட்டிக்கு மாற்றி, தண்ணீரை ஓஸ் வழியாகப் பின்பக்கம் இறக்கிவிட்டு, தொட்டியைக் கழுவிக் கவிழ்த்தேன். செத்ததைப் பள்ளத்து ஓரத்தில் புதைத்தேன். ஒரு நிமிடம் கூட யோசிக்கவில்லை.

பத்து நாளில் ஆறாம் மாடிக்காரி ஒரு ஐஸ் டப்பாவோடு வந்து நின்றாள். அவளுடையதில் ஒன்றுக்கும் அதே மாதிரி தோல் உரிந்தது. மகள் அழுது அழுது முகம் வீங்கிவிட்டதாம்.

"எங்க அத்தை, கண்ணு முன்னாடி சாகறதுக்குப் பதிலா ஏரியில விட்டா புண்ணியம்ங்கறாங்க. விட்ரலாங்களா?"

இங்கே நிறையப் பேர் அப்படித்தான் செய்கிறார்கள். வளர்க்க முடியாத ஆமை, பெரிதாகிவிட்ட மீன், எல்லாம் ஏரிக்கோ கோயில் குளத்துக்கோ போகும். விட்டுவிட்டு ஒரு கும்பிடும் போடுவார்கள். நானே என் வாடிக்கையாளர்கள் எத்தனையோ பேருக்கு அந்த யோசனையைச் சொல்லியிருக்கிறேன். அன்றைக்கு மட்டும், "ஏரித் தண்ணி சூட்டுல வெந்து செத்துரும்மா, டாக்டராண்ட காட்டு" என்றேன். ஏரிக்காக இல்லை. அந்தப் பெண் குழந்தை அழுததற்காகச் சொன்னேன். அந்த ஒரு வாக்கியத்தை என் வாயில் வைத்த சாமி எதுவோ, அதற்கு நான் கடன்பட்டவள்.

ஒரு வாரம் கழித்து அவள் காட்டிய டாக்டரே என் கடைக்கு வந்தார். காட்டு விலங்குகளைப் பார்க்கிற கால்நடை மருத்துவர். முப்பது வயது இருக்கும், முதுகில் பை, காலில் மழைச் செருப்பு. திட்டுவதற்கு வந்திருக்கிறார் என்று நினைத்து, நான் முந்திக்கொண்டு சண்டைக்குத் தயாரானேன். அவர் திட்டவில்லை. செத்த கால் மீனைப் பற்றி விசாரித்தார். மிச்சம் இருந்த மூன்றையும் குனிந்து பார்த்தார். பிறகு கேட்டார்.

"அந்தத் தொட்டித் தண்ணிய எங்க ஊத்துனீங்க?"

எத்தனையோ அதிகாரிகள் கடைக்கு வந்திருக்கிறார்கள். லைசென்ஸ் கேட்பார்கள், கரன்ட் மீட்டர் பார்ப்பார்கள். தண்ணீர் எங்கே போகிறது என்று ஒருவரும் கேட்டதில்லை. பின்கதவைத் திறந்து காட்டினேன். ஆவணி மாதத்துச் சின்ன மழையில் பள்ளத்தின் நடுவில் மட்டும் கொஞ்சம் தண்ணீர் நின்றிருந்தது. என் ஓஸ் அதை நோக்கி நீட்டிக்கொண்டு கிடந்தது. அவர் குனிந்து பள்ளத்தைப் பார்த்தார்.

"இதுல தவளை இருக்குதாம்மா?"

"இதுல தவளையத் தவிர வேற எதுவுமே இல்லைங்க" என்றேன்.

கடைக்குள் ஸ்டூல் போட்டு உட்காரவைத்து டீ வாங்கிக் கொடுத்தேன். அவர் பொறுமையாகச் சொன்னார். தவளையின் தோலில் வளர்கிற பூஞ்சை ஒன்று இருக்கிறது. கண்ணுக்குத் தெரியாது. தவளை மூச்சு விடுவதும் தண்ணீர் குடிப்பதும் பெரும்பாலும் தோல் வழியாகத்தான். தோல் தடித்துவிட்டால் முடிந்தது. வேறு தேசங்களில் இந்தப் பூஞ்சையால் ஓடை ஓடையாகத் தவளைகள் காலியாகிவிட்டனவாம். இந்தக் கால் மீன் மாதிரியானவை சில சமயம் சாகாமலே அதைச் சுமந்துகொண்டு ஊர் ஊராகப் போகும். அது வாழ்ந்த தண்ணீரே போதும்.

"அதனாலதாம்மா பதிவு, பரிசோதனை எல்லாம். எது எங்கிருந்து வந்துச்சு, யார் வீட்டுக்குப் போச்சுன்னு தெரிஞ்சாத்தான் நாங்க பின்னாடியே போய்ப் பார்க்க முடியும். கலர் மீன்னு எழுதி வந்தா யாருக்குத் தெரியும்?"

டம்ளரைக் கீழே வைத்தேன். "இந்தத் தவளைங்க செத்துருமா?" என்று கேட்டேன்.

"தெரியாது. நம்ம வெயில் அந்தப் பூஞ்சைக்கு ஒத்துக்காது. அதுதான் நம்பிக்கை. மழைத் தண்ணி நின்னுச்சுன்னா சொல்ல முடியாது. பார்த்துத்தான் சொல்லணும்."

இந்தத் தவளைகளைத் தொடவும் முறை இருக்கிறதாம். வனத்துறையில் அனுமதி வாங்கிக்கொண்டு வருவதாகச் சொன்னார். ஓஸை எடுத்துவிடச் சொன்னார். வலை, கவர், தொட்டி எல்லாவற்றையும் பிளீச்சிங் போட்டுக் கழுவி வெயிலில் காயவைக்கச் சொன்னார். கடைசியாக ஒன்று சொன்னார்: முடிவு தெரியும் வரை இந்தப் பள்ளத்துக்கும் ஏரிக்கும் நடுவில் யாரும் எந்தத் தவளையையும் தூக்கிக்கொண்டு போகவோ வரவோ கூடாது.

அன்றைக்கு என் வீட்டுக்காரர் வேலை முடிந்து வந்து ஜன்னலைத் திறந்தபோது நான் சமையலறையிலிருந்து வெளியே வரவே இல்லை. ஊரில் யார் தப்புச் செய்தாலும் தெருவுக்கே கேட்கிற மாதிரி கத்துகிறவள் நான். என் தப்பைச் சொல்ல எனக்குக் குரல் வரவில்லை. மறுநாள் காலை அவர் தோசை சாப்பிடும்போது தலையைக் குனிந்துகொண்டு எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னேன்.

அவர் கையிலிருந்த தோசையைத் தட்டில் வைத்தார். "நான்தானே அந்தாண்ட வுட சொன்னேன்" என்றார்.

எனக்கு அழுகைக்குப் பதிலாகக் கோபம்தான் வந்தது. "நீங்க கேட்டது நல்ல தண்ணி. நான் வுட்டது இது. என் தப்ப எதுக்கு நீங்க எடுத்துக்குறீங்க?"

"சரி, ரெண்டு பேரு தப்பு. தோச கருகுது பாரு" என்றார்.

சாப்பிட்டு முடித்து வேலைக்குக் கிளம்பிவிட்டார். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அன்றிலிருந்து காலையில் எழுந்ததும் நான் செய்த முதல் வேலை, பின்கதவைத் திறந்து பள்ளத்தில் ஏதாவது செத்துக் கிடக்கிறதா என்று பார்ப்பது. கூச்சம் எங்கே போனதென்று தெரியவில்லை. தலைப்பிரட்டைகளின் வால் வரை குனிந்து பார்த்தேன்.

கேன் தூக்கிக்கொண்டு போன பெண்களின் வீட்டுக்கெல்லாம் படியேறிப் போய்ச் சொன்னேன். செடிக்கு ஒன்றும் ஆகாது, ஆனால் பூந்தொட்டியிலிருந்து வடிகிற தண்ணீர் சாக்கடைக்குப் போக வேண்டாம் என்று. ஒருத்தி இடுப்பில் கை வைத்துக்கொண்டு, "இத்தினி நாளு ஓசியில குடுத்துட்டு இப்ப துட்டு கேக்க வழி பண்றியா?" என்றாள். வேறு நாளாக இருந்தால் அந்தத் தெருவே கூடியிருக்கும். அன்றைக்கு வாயை மூடிக்கொண்டு இறங்கி வந்தேன்.

பிறகு பிரவுசிங் சென்டருக்குப் போய் மூன்று கால் மீன்களையும் பதிவு செய்தேன். செத்ததையும் விற்றதையும் சேர்த்தே எழுதச் சொன்னேன். கம்ப்யூட்டரில் அடித்துக் கொடுத்த பெண், "ஆணா பெண்ணாக்கா?" என்று கேட்டாள். "அதுங்களுக்கே தெரியுமோ என்னமோ" என்றேன். எங்கே வாங்கினீர்கள் என்ற இடத்தில் உள்ளதை உள்ளபடி சொன்னேன். மொத்த வியாபாரிக்கு விஷயம் போய்ச் சேர்ந்ததும் போனில் குதித்தார். இனிமேல் என் கடைக்கு மால் வராது என்றார். "உன் மால் எனக்கு இன்னாத்துக்குய்யா, நீ அனுப்புனதே இன்னும் என் ஊட்டு ஃப்ரிட்ஜுல பாட்டில் பாட்டிலா குந்திக்கினு கீது" என்று சொல்லிவிட்டு வைத்தேன். நியாயமாக ஒரு சண்டை போட்டதில் அன்றைக்கு மட்டும் சாப்பாடு ருசித்தது.

புரட்டாசியில் டாக்டர் அனுமதிக் கடிதத்தோடு வந்தார். சாயங்காலம் ஆறரை மணி. கொரோனா சமயத்தில் நம் மூக்கில் விட்ட மாதிரி நீளமான பஞ்சுக் குச்சி. ஒவ்வொரு தவளைக்கும் ஒரு புது கையுறை, ஒரு குச்சி. வயிற்றிலும் தொடையிலும் மெதுவாகத் தேய்த்து எடுத்துச் சின்னக் குப்பியில் போட்டு மூடுவார், தவளையைப் பிடித்த இடத்திலேயே விட்டுவிடுவார். என் வீட்டுக்காரர் டார்ச் பிடித்தார். ஒரு பெரிய சொறித்தவளை டாக்டரின் சட்டை மேல் சர்ரென்று ஒன்றுக்கு அடித்தது. டார்ச் பிடித்தவருக்கு அத்தனை நாளில் முதல் முறையாகச் சிரிப்பு வந்தது. பன்னிரண்டு குப்பி சேர்ந்தது. என் தொட்டியில் இருந்த மூன்றுக்கும், ஆறாம் மாடிக்காரி வீட்டில் இருந்த இரண்டுக்கும் எடுத்தார். முடிவு வர நாளாகும் என்று சொல்லிவிட்டுப் போனார்.

முடிவு வருவதற்கு முன்னால் மழை வந்துவிட்டது.

மூன்று மணிக்கே வானம் இருட்டி, ஐந்து மணிக்குக் கொட்டியது. என் வீட்டுக்காரர் அன்றைக்குச் சீக்கிரம் வந்துவிட்டார். பக்கெட் மாடிப்படிக்கு அடியில் இருந்தது. அதன் பக்கத்தில் போய் நின்றார், எடுக்கவில்லை. வெறுங்கையோடு மழையில் இறங்கிச் சாலைக்குப் போனார். நான் மேலே ஜன்னலில் இருந்து பார்த்தேன். மஞ்சள் தவளைகள் சாலையில் வரத் தொடங்கியிருந்தன. அவற்றின் நடுவில் இவர் இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார். தொட்டுவிடக் கூடாது என்று கையைக் கட்டிக்கொண்டாரா, எனக்குத் தெரியாது. ஒரு பைக் போனது. ஒரு தவளை போனது. அவர் தோள் ஒரு தடவை குலுங்கியதைப் பார்த்தேன்.

அடுத்த பைக் வரும்போது அவர் சாலையின் நடுவில் போய்க் கையை நீட்டி நின்றுவிட்டார்.

"யோவ் பெர்சு, சாவுறதுக்கு என் வண்டிதான் கெடச்சிதா?"

"ரெண்டு நிமிசம் நைனா. போய்க்கினு கீதுங்க. கொஞ்சம் நில்லு."

"இன்னாது போய்க்கினு கீது?"

"கீய பாரு."

நான் குடையை எடுத்துக்கொண்டு இறங்கினேன். கடையை அப்படியே போட்டுவிட்டு, அவருக்கு எதிர்ப்பக்கத்தில் போய் நின்றேன். ஆவடி பக்கத்திலிருந்து வருகிற வண்டிகளை அவர் நிறுத்தினார், ஏரிப் பக்கத்திலிருந்து வருகிறவற்றை நான். என் தொண்டைக்கு அன்றைக்குத்தான் சரியான வேலை. ஷேர் ஆட்டோவில் இருந்தவர்கள் தலையை நீட்டித் திட்டினார்கள், நான் திருப்பித் திட்டினேன். ஒரு ஆட்டோக்காரர் மட்டும் எட்டிப் பார்த்துவிட்டு ஹெட்லைட்டை அணைத்தார். "கண்ணு கூசுனா தவளைங்க நின்னுடுங்கக்கா, இருட்டா இருந்தா போய்டும்" என்றார். அப்படியே போயின. என் கால் விரல் மேல் ஒன்று ஏறி இறங்கிப் போனது. நான் கத்தவில்லை. எதிரே அவர் சட்டை உடம்போடு ஒட்டி, முடி நெற்றியில் வழிய, டிராபிக் போலீஸ் மாதிரி கையை உயர்த்திக்கொண்டு நின்றார். இருபத்திரண்டு வருடத்தில் அந்த மனிதரை எனக்கு அவ்வளவு பிடித்துப்போன சாயங்காலம் வேறு இல்லை. வெட்கம் ஒரு துளியும் இல்லை.

அதன் பிறகு தினமும் பள்ளம் நிறையச் சத்தம். அவர் ஜன்னலைத் திறந்துவைத்துக் கேட்டார், ஆனால் நாற்காலியை இழுத்துப் போடவில்லை, நின்றுகொண்டே கேட்டார். இப்போது கத்துவதால் நோய் இல்லை என்று அர்த்தமில்லை என்று டாக்டர் சொல்லியிருந்தார். எங்கள் இரண்டு பேருக்கும் அது தெரியும்.

ஐப்பசி முடிகிற சமயம், ஒரு காலை பதினொரு மணிக்கு டாக்டர் போன் செய்தார். ஆறாம் மாடிக்காரியின் இரண்டு கால் மீனுக்கும் அந்தப் பூஞ்சைதான். என் மூன்றில் இரண்டுக்கு இருக்கிறது. மருந்து சொன்னார், தனித்தனியாக வைக்கச் சொன்னார். நான் சரி, சரி என்று சொல்லிக்கொண்டிருந்தேன். அதற்கு மேல் கேட்க வாய் வரவில்லை. அவரே சொன்னார்.

"பள்ளத்துல எடுத்த பன்னிரண்டுலயும் இல்லைம்மா. நீங்க விட்ட தண்ணி வெயில்ல காஞ்சு போயிருக்கும். அடுத்த மழைக்கும் வந்து பார்ப்பேன். ஆனா இப்ப இல்ல."

போனை வைத்துவிட்டு என் வீட்டுக்காரருக்கு அடித்தேன். லேத் ஓடுகிற நேரத்தில் அவர் எடுக்க மாட்டார் என்று தெரியும். மூன்று தடவை அடித்தேன். மணி அடித்து அடித்து நின்றது. கடையில் மோட்டார் சத்தமும் தண்ணீர்க் குமிழ்ச் சத்தமும் தவிர வேறு எதுவும் இல்லை. கல்லா மேல் தலையை வைத்தேன். அவ்வளவு நாள் அடக்கியது எல்லாம் வந்துவிட்டது.

மீன் தீனி வாங்க வந்த ஒரு பெரியவர் எவ்வளவு நேரமாக அங்கே நின்றார் என்று தெரியவில்லை. அவருக்கு என்னைத் தெரியாது. பயந்துபோய் ஒரு தொட்டியையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார்.

"இன்னாம்மா, இப்டி அழுவுற? மீனு செத்துப்பூட்சா?"

"இல்ல நைனா. எதுவும் சாவல."

"அதுக்கா அழுவுற?"

"அதுக்குத்தான்" என்றேன்.